வெயிலில் வைத்த தண்ணீர்

போன வருடத் திருவிழாவில் பிச்சையம்மாளின் கையிலிருந்து தீச்சட்டி நழுவிற்று. கீழே விழவில்லை, அம்மன் காப்பாற்றினாள். பக்கத்தில் வந்துகொண்டிருந்த இராசாத்தி பாய்ந்து, வேப்பிலைக் கொத்தோடு சேர்த்து ஏந்திக்கொண்டாள். ஒரு பொறிகூடத் தரையில் சிந்தவில்லை. ஆனால் ஊர்வலம் ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பி, ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைக்கூடத்து வளைவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அதற்குள் இப்படி ஆகிவிட்டது. உறுமிச் சத்தம் நின்றது. பிச்சையம்மாள் தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெராய் மலையடியில் இருக்கிற அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "விரதத்துல ஏதாச்சும் கொறை வந்திருக்கும், பாவம்" என்றார்கள். "அம்மா இந்த வருசம் வேணாம்னு தள்ளிட்டா" என்றார்கள்.

என்ன குறை? பிச்சையம்மாள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒருவேளைச் சாப்பாடுதான், தரையில் பாய்தான். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. கோத்தா கோலா மூடாவில் மீனையும் இறாலையும் உறைய வைத்து அனுப்புகிற ஆலையில் அவளுக்கு வேலை. விரத நாளில் இறாலைத் தொடலாமா என்று பூசாரி காளிதாசனிடம் எப்போதோ கேட்டுவிட்டாள். "வயித்துப் பொழப்பு அக்கா, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. கையொற போட்டுக்குங்க" என்று அவரும் சொல்லிவிட்டார். அப்படியானால் கையுறையில் ஓட்டை இருந்திருக்குமோ? அந்த ஓட்டை வழியாகத்தான் தீட்டு வந்ததோ? இப்படியெல்லாம் அவள் மனசு போயிற்று.

பிச்சையம்மாள் பிறந்தது பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு சரி. முருகையாவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். தோட்டம் ரப்பரிலிருந்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறியது. பிள்ளைகள் பினாங்குக்கும் ஜொகூருக்கும் போனார்கள். அவள் ஆலை பஸ்ஸில் ஏறினாள். அங்கே ஐஸ் ரூமில் பெட்டி அடுக்குவாள். ஒவ்வொரு பெட்டியை மூடும்போதும் "அம்மா தாயே" என்பாள். கூட வேலை செய்கிற பெண்கள், "அக்கா, அந்த எறாலுக்கு மோட்சம்தான் லா" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். லாரி அட்டெண்டராக இருந்த முருகையா, பாலிங் சாலையில் லாரி கவிழ்ந்து, பிழைக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் நேர்ந்துகொண்டதுதான் இந்தத் தீச்சட்டி. உடம்பில் தெம்பு இருக்கிறவரை ஏந்துகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவர் பிழைத்து, இன்றைக்கும் அவளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

தெம்பு இருக்கிறவரை என்று சொன்னோமே, தெம்பு போய்விட்டது என்று அம்மா சொல்கிறாளா? இல்லை, நீ வேண்டாம் என்கிறாளா? இரண்டும் ஒன்றா, வேறா? அவளுக்கு விளங்கவில்லை.

தோட்டத்துப் பெண்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். உடம்புச் சூடு.

"நாளெல்லாம் ஐஸ் ரூம்ல நிக்கிற இல்ல, வெளிய குளிருதா, சூடு பூரா உள்ள போயி அடங்கிடுது. அதான் நரம்பச் சுட்டுடுச்சி. கை எப்படி நிக்கும்?" என்றாள் இராசாத்தி. அவள் பக்கத்து வீடு. சொல்வதை அடித்துச் சொல்வாள்.

ஆகவே வருடம் முழுக்கப் பிச்சையம்மாளைக் குளிர வைத்தார்கள். வெந்தயம் ஊறிய தண்ணீர், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். வேலை விட்டு வந்ததும் கைகளைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து நனைத்து உட்கார்ந்திருப்பாள். கை தேறவில்லை. ஐஸ் ரூமில் காலையில் சுறுசுறுப்பாக அடுக்குகிறவள், கொஞ்ச நேரம் போனால் டேப்பைக் கிழிக்கக்கூட விரல் கூடாமல் திணறினாள். இன்னும் சூடு இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

இந்த வருடத் திருவிழாவுக்குக் கொடியேறப் போகிற நேரத்தில் காளிதாசன் அவளைக் கூப்பிட்டார். வாரநாளில் ஒரு ஆலை வாசலில் காவல் வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர்.

"அக்கா, ஒங்களுக்குச் சட்டி இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கூட்டத்துல பேசிக்கிறாங்க. இந்த வாட்டி ஆத்துல கூடக் கொஞ்ச நேரம் நிப்பாட்டுவோம். நல்லாக் குளுந்து, அருள் வந்தப்பறம் சட்டி குடுப்போம். மறுபடியும் நழுவிச்சின்னா, அப்பறம் இராசாத்திதான் ஏந்தணும். சரிதானேக்கா?"

"சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆலை நர்ஸ்தான் அவள் டேப் கிழிக்கப் படுகிற பாட்டைப் பார்த்து அரசாங்கக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, பெரிய வியாதி ஒன்றுமில்லை என்று சொல்லி, கைப்பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் பெயர் ஃபெலிசியா. கழுத்தில் சின்னச் சிலுவை. பிச்சையம்மாள் காலை ஷிப்ட் முடித்து நேராக அங்கே போயிருந்தாள்.

"என்ன ஆன்ட்டி, கை இவ்ளோ செஜோக்கா இருக்கு? ஐஸ்ல வெச்ச மாதிரி!"

"ஐஸ் ரூம்ல இருந்துதாம்மா வரேன்."

ஃபெலிசியா அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். "மெசின் எடுக்க மாட்டேங்குதே."

பிச்சையம்மாள் தன் விரலை உற்றுப் பார்த்தாள். "உசுரு இருக்குல்லம்மா?"

"இருக்கு லா ஆன்ட்டி, பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க!" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். அப்புறம் மாட்டினால் நம்பர் வந்தது. "பாருங்க, ரத்தத்துல ஆக்ஸிஜன் நெறைய்ய்யா இருக்கு."

"நெறைய இருந்தா கை ஏன் விட்டுப் போவுது?"

அது நல்ல கேள்வி என்று ஃபெலிசியா சொன்னாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ரத்தம் ஒரு பஸ் மாதிரி ஆன்ட்டி. நம்ம மூச்சுல இழுக்கிற ஆக்ஸிஜன் அதுல ஏறி ஒக்காந்துக்கும். தசைகிட்ட வந்ததும் எறங்கணும். எறங்குனாத்தான் தசைக்கு வேல செய்யத் தெம்பு. தசை சூடா இருந்தா டக்டக்குனு எறங்கிடும். குளுந்து கெடந்தா, சீட்டக் கெட்டியாப் புடிச்சிக்கும். பஸ் நெறைய ஆளு, ஸ்டாப்புல எறங்க ஆளு இல்ல."

பிச்சையம்மாளுக்கு ஆலை பஸ் கண்ணில் வந்தது. "எங்க பஸ்ஸுல சின்னப் பொண்ணுங்க அப்படித்தாம்மா. ஏர்கோனப் போட்டுட்டா, ஆலை வந்தாலும் சுருண்டுக்கிட்டுக் கெடக்குங்க."

"அதேதான்!"

"அப்ப டிரைவரு எழுப்பி வுடுவாரே. இதுல டிரைவரு யாரு?"

ஃபெலிசியா அவள் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். "இதுல... டிரைவர்னு யாரும் இல்ல ஆன்ட்டி. அது தானா நடக்கிறது."

டிரைவர் இல்லாத பஸ்ஸா? பிச்சையம்மாளுக்கு அது மட்டும் உள்ளே இறங்கவில்லை. ஆனால் படித்த பிள்ளை சொல்கிறதே என்று தலையை ஆட்டினாள்.

பிறகு ஃபெலிசியா ஒரு பேசினில் ஐஸ் தண்ணீரும் இன்னொன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டுவந்தாள். ஐஸ் தண்ணீரில் முழங்கைவரை வைத்திருந்துவிட்டு ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னாள். பந்து கல்லாக இருந்தது. விரல்கள் மடங்கவே யோசித்தன. வெதுவெதுப்பில் வைத்து எடுத்துப் பிசைந்தால், அதே பந்து சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கிற்று. பிச்சையம்மாள் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாற்றிக் கொடுத்துவிட்டாளோ? திருவிழாவில் சட்டி நழுவிய கதையையும் பிச்சையம்மாள் அப்போது சொன்னாள்.

"திருவிழாவுல எப்படி நழுவுச்சி ஆன்ட்டி? ஆத்துல எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"அருள் வர்ற வரைக்கும்."

"அது எப்ப வரும்?"

"அதெப்படிம்மா நான் சொல்றது?"

ஜெராயிலிருந்து இறங்குகிற ஆறு. சுற்றுலா வருகிறவர்கள் கால் வைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடுகிற தண்ணீர். அதில் இடுப்பளவு நிற்க, மேலே குடம் குடமாகப் பெண்கள் ஊற்ற, ஈரச் சேலையோடு காற்றில் நின்று, அப்புறம் சட்டியை வாங்கினாள் என்று கேட்டதும் ஃபெலிசியா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"குளுர்ல தசை சும்மா இருந்தா அதுக்கு ஆக்ஸிஜனும் கொஞ்சந்தான் வேணும், ஒண்ணும் தெரியாது. திடீர்னு பாரத்தக் குடுத்தா, கேக்கும். அப்ப வந்து சேராது. அதான் கை விட்டிருக்கும்."

"அப்ப சூடுதான் நல்லதா?"

"அளவாச் சூடு நல்லது."

"அப்ப தார் ரோட்டு வெயில்ல நடந்தா இன்னும் நல்லதா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி! ரொம்ப வெயில்னா ரத்தம் பூரா ஒடம்பக் குளுர வெக்கத் தோலுக்கு ஓடிடும். கைக்குப் பங்கு கொறைஞ்சிடும். அப்ப கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாம்."

"அப்ப குளிரு நல்லதா?"

ஃபெலிசியா சிரித்துவிட்டாள். பிச்சையம்மாளும் சிரித்தாள், ஆனால் அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு. கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா கோவத்துல தள்ளல, இதுதான் காரணம்னு நிச்சயமாச் சொல்லுவியாம்மா?"

அந்தப் பெண் அவள் கையைத் துண்டால் துடைத்துவிட்டாள். "குளுர்ல நரம்பும் மந்தமாயிடும், ரத்தக் கொழாயும் சுருங்கிடும். எல்லாம் சேர்ந்துதான் ஆன்ட்டி. இது ஒண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன். சாமி விசயம் எனக்குத் தெரியாது. நான் கைய மட்டுந்தான் பாக்கிறேன்."

வீட்டில் முருகையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நான் அப்பவே சொன்னேனே, சூடுதான்னு."

"இல்லங்க, குளிருன்னு சொல்றா."

"இத்தன நாளு சூடுன்னாங்க, இப்பக் குளிருங்கிறாங்க. நாளைக்கு மழைன்னு சொல்லுவாங்க. நீ பேசாமப் படு."

அவள் படுத்தாள், கண் மூடவில்லை. ஃபெலிசியா சொன்னது சரியென்றால், பூசாரி சொன்னபடி ஆற்றில் நின்றால் சட்டி மறுபடி நழுவும். நிற்காவிட்டால் முறை தப்பும். முறை தப்பிச் சட்டி நின்றால் அது நின்ற கணக்கா? அம்மாவுக்கு ஏந்துகிறதா, கைக்கு ஏந்துகிறதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை இராசாத்தி வீட்டுப் பேத்திக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பிச்சையம்மாள் ஒத்தாசைக்குப் போயிருந்தாள். காலையிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்திருந்தார்கள். அவள் குடத்தால் மொள்ளக் கையை விட்டாள். தண்ணீர் இதமாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. முழங்கைவரை விட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

"யக்கா, புள்ள நடுங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கு. நீ என்ன அண்டாவுல மீனு புடிக்கிறியா?" என்று கத்தினாள் இராசாத்தி.

"இராசாத்தி, இது அம்மா தண்ணிதானே?"

"பின்ன, சீனன் கடைத் தண்ணியா?"

அம்மா வந்து போன உடம்புக்கு ஆற்றுத் தண்ணீரை யாரும் ஊற்றுவதில்லை. வெயிலில் வைத்த தண்ணீர்தான். அது அவள் கேட்கிற தண்ணீர். பிச்சையம்மாள் அன்று மாலையே கோயிலுக்குப் போய்க் காளிதாசனிடம் கேட்டாள். ஆற்றில் முழுகிவிட்டு உடனே ஏறிவிடுகிறேன், மேலுக்கு அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள் என்றாள்.

காளிதாசன் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "இது... தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா. அம்மா தண்ணிதான். ஆனா ஆத்துல குளுந்து நிக்கிறதுதானே நம்ம வழக்கம்? யாராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"எனக்கும் தெரியல சாமி."

"நழுவிச்சின்னா முறைய மாத்துனதாலதான்னு ஒங்களோட சேர்த்து என்னையும் பேசுவாங்க."

"தெரியும் சாமி."

அவர் அம்மன் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "சரி, வைங்க" என்றார்.

திருவிழா அன்று காலை ஜெராய் மலை மேகத்துக்குள் இருந்தது. ஆற்றங்கரையில் அண்டாவை வைத்தாயிற்று, வேப்பிலை மிதந்தது, வெயிலைத்தான் காணோம். பிச்சையம்மாள் வானத்தைப் பார்ப்பாள், அண்டாவில் விரலை விட்டுப் பார்ப்பாள். குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது. அம்மா வேண்டாம் என்கிறாளோ? வெயிலைக்கூட மறைத்துவிட்டாளே? உறுமி ஆரம்பித்தது. அவள் ஆற்றில் இறங்கி, அம்மா பேரைச் சொல்லி முழுகி, உடனே ஏறினாள். கரையில் நின்ற சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இராசாத்தி அண்டாவிலிருந்து மொண்டு அவள் தோளில் ஊற்றினாள். தண்ணீர் நல்ல இதமாக இருந்தது. பிச்சையம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வானத்தில் இன்னும் மேகம்தான். அன்னதானத்துக்குச் சோறு வடிக்கிற அடுப்புகள் கொஞ்ச தூரத்தில் எரிந்துகொண்டிருந்தன. அந்த அடுப்புகளுக்குப் பொறுப்பு முருகையா. அவர் ஒரு காலி வாளியோடு அந்தப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார். வாளியிலிருந்து மெல்லிசாக ஆவி போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவார். அதனால் அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கைகளில் வழியவிட்டு, ஃபெலிசியா சொல்லிக் கொடுத்தபடி விரல்களை மடக்கி விரித்தாள். அருள் வந்தது. அது எப்போது வந்தது என்று அவளைக் கேட்டால் தெரியாது. காளிதாசன் சட்டியை வைத்தபோது கை ஏந்திற்று.

புகைக்கூடத்து வளைவு வந்தது. இராசாத்தி ஒட்டிக்கொண்டே நடந்தாள், இரண்டு கைகளையும் பாதி நீட்டியபடி. வளைவு போயிற்று. சட்டி நின்றது.

தார் ரோட்டில் ஏறும்போதுதான் மேகம் விலகி வெயில் இறங்கியது. உச்சி வெயில். முன்னால் நெருப்பு, மேலே சூரியன், காலடியில் தார். கொஞ்ச தூரத்தில் சட்டி மெல்லத் தாழ ஆரம்பித்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்தோடு நின்று காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பிச்சையம்மாள் அருளிலும் குழம்பினாள். இப்போது குளிர்வது நல்லதா, கெட்டதா? சூடாக இருக்க வேண்டும் என்றாளே, ரொம்பச் சூடு கூடாது என்றாளே, இது எந்தச் சூடு? பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்களா, தோலுக்கு ஓடிவிட்டார்களா?

"யக்கா, முடியலன்னா சொல்லு. நான் வாங்கிக்கிறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று காதோடு சொன்னாள் இராசாத்தி. அதில் ஆசை இல்லை, பயம்தான் இருந்தது.

"தண்ணி ஊத்து."

"எங்க?"

"தலையில. கையில வேணாம். இல்ல... கையிலயும் ஊத்து. எனக்குத் தெரியல, ஊத்துடி!"

இராசாத்தி பக்கத்து வாசலில் நின்றவளின் குடத்தைப் பிடுங்கி அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள். தண்ணீர் முகத்தில், தோளில், முதுகில் வழிந்தது. மூச்சு வந்தது. உறுமிக்காரர்கள் அதை அருள் கூடிவிட்டதாக நினைத்து அடியை வேகமாக்கினார்கள். கோயில் மேடு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. இராசாத்தியின் கை தன் முழங்கைக்குக் கீழே தொடாமல் தொடர்ந்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சன்னிதியில் சட்டியை இறக்கி வைத்தாள். காளிதாசன் ஒரு பெருமூச்சு விட்டது உறுமிச் சத்தத்திலும் கேட்டது.

அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக வைத்திருந்த கேள்வி அவளிடம் இருந்தது. இப்போது முகத்துக்கு நேராக நின்றாள். போன வருடம் தள்ளியது நீயா, அந்த ஆற்றுக் குளிரா? இன்றைக்கு நிறுத்தியது நீயா, அடுப்புத் தண்ணீரா? அம்மாவின் முகத்தில் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல தாயி" என்றாள் பிச்சையம்மாள். "ஆனா கூடவே வந்தே."

பின்னால் அடுத்த சட்டிகள் வந்து நின்றன. "அக்கா, கொஞ்சம் நகருங்க" என்று காளிதாசன் விபூதித் தட்டை நீட்டினார். அவள் எடுக்கப் போனாள். கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. இராசாத்தி ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் அப்பிவிட்டு, தோளைப் பிடித்து நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.